மாம்பிஞ்சு விழும் காலம்

பழவேற்காட்டில் மாமரம் பிஞ்சு உதிர்க்கும் மாதங்களில்தான் ஏரியின் முகத்துவாரமும் மணல் மேடிட்டுச் சுருங்குகிறது. கடல்நீர் வந்துபோவது குறைந்து, தண்ணீர் உப்பேறிக் கிடக்கும் கோடை அது. ஏரியின் சராசரி ஆழமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அப்போது கரையில் கொட்டியது எதுவும் எளிதில் வெளியேறாது. கொல்லையைக் கூட்டி அள்ளிய பிஞ்சையும் அழுகலையும் தண்ணீரோரம் வீசினால், அது மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வது அந்த ஓரத்து ஆழமற்ற நீரில்தான்.

பிஞ்சு விழுவதைக் கண்டு மரத்துக்கு நோய் என்று பதற வேண்டாம். ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும். காயாகி முற்றுவது பெரும்பாலும் ஒன்றிரண்டே. மீதியை மரமே கழித்துக்கொள்கிறது. குலை நெருக்கமாக இருந்தால் கையால் கிள்ளி எடுப்பவர்களும் உண்டு.

கிள்ளியதும் காற்றில் விழுந்ததும் அன்றைக்கே பொறுக்கப்பட்டால் வீணாகாது. சிறு பிஞ்சுக்கு உப்பும் விளக்கெண்ணெயும் மஞ்சளும் சேர்த்தால் வடுமாங்காய். கொஞ்சம் பெருத்த காய் நெத்திலிக் குழம்புக்கு. மிஞ்சியதைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் காயவைத்தால் ஆடி மாதக் குழம்புக்கும் வத்தல் இருக்கும். காம்பில் வடியும் பாலைக் கழுவாமல் விட்டால் தோல் புண்ணாகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இத்தனையும் மருந்து அடிக்காத மரத்துக்குத்தான் பொருந்தும். தத்துப்பூச்சிக்காகப் பூக்கும் பருவத்தில் இமிடாகுளோபிரிட், லாம்டா சைஹாலோத்ரின் போன்றவற்றைத் தெளிக்கிறார்கள். மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே காத்திருக்க வேண்டிய நாட்கள், முற்றிய காயைப் பறிக்கும் நேரத்தை வைத்துக் கணக்கிடப்பட்டவை. வடு அதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். இமிடாகுளோபிரிட் செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்து. எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. அந்தப் பிஞ்சை மனிதரும் தின்னக் கூடாது, ஆட்டுக்கும் போடக் கூடாது.

மீனவர் குடும்பங்கள் இன்னும் கவனிக்க வேண்டியது தெளிப்பான் கழுவும் தண்ணீரை. பூச்சியைப் போலவே இறாலும் நண்டும் கணுக்காலிகள். பூச்சியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு அவற்றையும் தாக்கும். லாம்டா சைஹாலோத்ரின், சைபர்மெத்ரின் வகை மருந்துகள் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே இறாலைக் கொல்லக்கூடியவை. ஏரியோரக் கொல்லையில் இந்த மருந்துகளே வேண்டாம் என்பதுதான் நியாயம்.

காய் பழுக்கத் தொடங்கினால் தொல்லை வேறு. பழ ஈ தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. பழம் விழுந்ததும் புழு வெளியேறி, சில சென்டிமீட்டர் ஆழத்து மண்ணில் கூட்டுப்புழுவாகி, கோடையில் பத்து நாள் அளவில் ஈயாகப் பறந்துவிடும். ஒரு கொல்லையில் விட்டுவைத்த அழுகல் அடுத்த வீட்டுக் கொய்யாவையும் கெடுக்கும்.

இரண்டடிக்கு மேல் குழி தோண்டிப் புதைப்பது வழக்கமான யோசனை. மணற்பாங்கான கரையூர்களில் அந்த ஆழத்திலேயே தண்ணீர் ஊறினால் குழி உதவாது. அங்கே, கெட்டிப் பாலிதீன் பையில் பழங்களைக் கட்டி, ஒன்றிரண்டு வாரம் நல்ல வெயிலில் வைக்கலாம். சூட்டில் புழு செத்துவிடும். பிறகு அதைச் சருகோடு சேர்த்து, நீரோரத்திலிருந்து தள்ளி மட்க விடலாம். ஹவாய்த் தீவுகளில் இதற்கென்றே வலைக்கூடாரம் உருவாக்கினார்கள். கூடாரத்துக்குள் கொட்டிய பழத்திலிருந்து வரும் ஈ வெளியேற முடியாது. ஈயை அழிக்கும் சிறு குளவி மட்டும் வலைக்கண் வழியே பறந்துபோகும்.

நல்ல பழத்தை ஆட்டுக்குக் கொடுப்பவர்கள் நறுக்கி, கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். முழுசாகப் போட்டால் தொண்டை அடைக்கும். நிறையத் தின்றால் வயிறு உப்பும். வௌவால் கடித்த பழம் யாருக்கும் ஆகாது. 2018 மே மாதம் கோழிக்கோடு பகுதியில் வௌவாலிடமிருந்து தொற்றும் நிபா வைரஸ் பரவியபோது, பறவையோ விலங்கோ கடித்த பழங்களைத் தின்ன வேண்டாம் என்று கேரளத்தில் எச்சரித்தார்கள். அப்படிப்பட்டதை வெறுங்கையால் எடுக்காமல் பையில் தள்ளிக் கட்டிவிட்டு, சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும்.