யார் லிமிட் இது, மாண்புமிகு அமைச்சர் அவர்களே?

முடிச்சூரில் வெள்ளம் வந்தால் யாரைக் கேட்பது? மேற்குத் தாம்பரத்துக்காரர்களுக்கு இன்னும் விடை கிடைக்காத கேள்வி இது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர். ஆதனூர் ஏரிப் பக்கமிருந்து வரும் அடையாறு கரை மீறி, முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் என்று தரைத்தள வீடுகளை மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்த பிறகு வேறொரு அலைச்சல் ஆரம்பித்தது. முடிச்சூர் ஊராட்சி, அதன் வடிகால் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. கொஞ்சம் தள்ளி வந்தால் தாம்பரம். அது நகராட்சி நிர்வாகத் துறை. ஆறு அன்று பொதுப்பணித் துறையிடம் இருந்தது, பிறகு நீர்வளத் துறைக்குப் போனது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு முடிச்சூர் ஒரு மாவட்டம், பக்கத்து வரதராஜபுரம் இன்னொரு மாவட்டம். “அது எங்க லிமிட்ல வராது சார், அங்க போய்க் கேளுங்க” என்ற பதிலைக் கேட்காமல் சென்னையின் தென்புறநகரில் யாரும் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியதில்லை.

எது யார் லிமிட் என்பதை எழுத்தில் வாங்குவதற்கு நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரின் கேள்வி. பணச் செலவு கிடையாது, ஊர்வலம் வேண்டாம், வழக்கு வேண்டாம். ஆனால் தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர்ப் பக்கத்தில் குடியிருப்போர் நலச் சங்கம் நடத்துகிறவர்கள்கூட எம்.எல்.ஏ.வைப் பார்க்கும்போது சாலை கேட்கிறார்கள், விளக்கு கேட்கிறார்கள், நிதி கேட்கிறார்கள். “எங்களுக்காக ஒரு கேள்வி போடுங்கள்” என்று கேட்பவர்கள் குறைவு. சாலையும் விளக்கும் போடுவது மாநகராட்சியின் வேலை. கேள்வியோ எம்.எல்.ஏ.வைத் தவிர வேறு யாராலும் கேட்க முடியாதது.

கேள்வி என்றால் கேமரா முன்னால் எழுந்து நிற்பது மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. உறுப்பினர் எழுதிக் கொடுத்த கேள்வியைப் பேரவைத் தலைவர் ஏற்றுக்கொண்டதும் அது கோட்டையிலிருந்து துறைச் செயலாளருக்கும், அங்கிருந்து துறைத் தலைமைக்கும், பிறகு செயற்பொறியாளருக்கும், கடைசியில் அந்தத் தெருவுக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளருக்கும் இறங்கிப் போகிறது. மாதக்கணக்கில் அசையாத கோப்புக்குக்கூட அன்று ஒரு குறிப்பு எழுதியாக வேண்டும். மதிப்பீடு தயாரா, நிலம் எடுத்தாயிற்றா, பணம் ஒதுக்கப்பட்டதா என்று ஒருவர் எழுதுவார், இன்னொருவர் சரிபார்ப்பார், அமைச்சர் பெயரில் அது பதிலாக வரும். நட்சத்திரக் குறியிட்ட வினாவானால் அமைச்சர் வாயாலேயே சொல்ல வேண்டும். மற்ற உறுப்பினர்களும் துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரக் குறி இல்லாததானால் எழுத்துமூலப் பதில். இரண்டுமே அவைப் பதிவாக நிற்கும்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். நம் பேரவையில் பழகிப்போன வடிவம் இது: “இன்ன தொகுதி, இன்ன இடத்தில் மேம்பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?” அதற்குப் பழகிப்போன பதில்களும் உண்டு. “அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை.” அல்லது, “நிதிநிலைக்கேற்ப முன்னுரிமை அடிப்படையில் பரிசீலிக்கப்படும்.” கேட்டவரும் உட்கார்ந்துவிடுவார், சொன்னவரும் உட்கார்ந்துவிடுவார்.

குரோம்பேட்டை ராதா நகர் சுரங்கப்பாதையை எடுத்துக்கொள்வோம். ரயில்வே கேட் மூடினால் இருபக்கமும் பள்ளிப் பிள்ளைகளும் ஆம்புலன்ஸும் நின்ற இடம். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வேலை. தண்டவாளத்துக்கு அடியில் ரயில்வே செய்ய வேண்டியிருந்தது, அணுகுசாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை போட வேண்டியிருந்தது. நடுவில் நிலஎடுப்பு வருவாய்த் துறையிடம், மின்கேபிள் மின்வாரியத்திடம், குடிநீர்க் குழாய் உள்ளாட்சியிடம். இப்படிப்பட்ட வேலையில் “ஆவன செய்யுமா” என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கைகாட்ட வசதியாகப் போய்விடும். எடுக்க வேண்டிய நிலம் எத்தனை சதுர மீட்டர், எடுத்தது எவ்வளவு, மீதி எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, ரயில்வேயோடு கடைசியாகக் கூட்டாய்வு நடந்தது எப்போது, குழாயையும் கேபிளையும் மாற்றப் பணம் கட்டியாயிற்றா? இப்படி ஐந்து துண்டாகக் கேட்டால் ஐந்துக்கும் எண்ணோ தேதியோ சொல்லித்தான் ஆக வேண்டும். சுரங்கப்பாதை அதனால் மறுநாளே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அது தெரியாமல் பல ஆண்டு போராடுவதைவிடத் துயரம் எதுவும் இல்லை.

தென்புறநகரின் அண்மைக்கால அரசியலில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2016 தேர்தலில் தாம்பரத்தில் எஸ்.ஆர்.ராஜா, பல்லாவரத்தில் இ.கருணாநிதி, சோழிங்கநல்லூரில் எஸ்.அரவிந்த் ரமேஷ், ஆலந்தூரில் தா.மோ.அன்பரசன் என நான்கு தொகுதியிலும் தி.மு.க. ஜெயித்தது. 2021-லும் அதே நால்வர், அதே தொகுதிகள். அதாவது ஐந்தாண்டு எதிர்க்கட்சி, அடுத்த ஐந்தாண்டு ஆளுங்கட்சி. எதிர்க்கட்சியில் இருக்கும்போது ஏன் இன்னும் நடக்கவில்லை என்று கேட்பது எளிது. ஆட்சிக்கு வந்த பிறகு தன் கட்சி அமைச்சரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். பெரும்பாலும் அந்த நேரம் நன்றி சொல்லவும் தலைவரைப் போற்றவும் போய்விடும். இது ஒரு கட்சியின் பழக்கமல்ல, ஆட்சிகள் மாறினாலும் மாறாத பழக்கம். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலினே தன்னைப் புகழ்ந்து பேசினால் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்று தன் கட்சி உறுப்பினர்களை அவையில் எச்சரிக்க வேண்டி வந்தது.

தொகுதிக்கு அமைச்சர் கிடைத்தால் கொண்டாடுகிறோம். 2011-இல் தாம்பரத்தில் வென்ற டி.கே.எம்.சின்னையா அமைச்சரானார், 2021-இல் அன்பரசன் அமைச்சரானார். அமைச்சரால் அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு வேலை முடிக்க முடியும், உண்மைதான். ஆனால் அமைச்சர் அமைச்சரைக் கேள்வி கேட்க முடியாது. அந்தத் தொகுதியின் பெயர் வினாப் பட்டியலிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தே போகும். தொலைபேசியில் முடித்த வேலைக்கு அவைப் பதிவும் இருக்காது. இந்த நஷ்டத்தை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

சோழிங்கநல்லூரின் நிலைமை இன்னும் கடினம். 2021 தேர்தலின்போது தமிழகத்திலேயே அதிக வாக்காளர்கள் இருந்த தொகுதி அது. ஏறத்தாழ 7 லட்சம் பேர். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அங்கே, பெருங்குடி குப்பைக் கிடங்கு அந்தப் பக்கம்தான், ஐ.டி. நிறுவனங்கள் அங்கே, நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடிவைத்த பெரும்பாக்கமும் அங்கேதான். அத்தனைக்கும் கோட்டையில் ஒரே குரல். ஒப்பிட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: சுமார் 53 லட்சம் மக்கள் வாழும் அயர்லாந்தின் கீழவையில் 2024 தேர்தலிலிருந்து 174 உறுப்பினர்கள். 7 கோடிக்கு மேல் மக்கள் வாழும் தமிழ்நாட்டுக்கு 234. கெர்ரி என்ற மேற்குக் கோடி மாவட்டத்திலிருந்து வரும் ஹீலி-ரே சகோதரர்கள் மைக்கேலும் டேனியும் சுயேச்சைகளாக டப்ளினில் உட்கார்ந்து, கிராமத்துச் சாலை, ஆஸ்பத்திரிக் காத்திருப்பு, விவசாயி மானியம் என்று அமைச்சர்களைக் குடைந்து பெயர் வாங்கியவர்கள். ஊர்ப் பஞ்சாயத்தை நாடாளுமன்றத்துக்குத் தூக்கி வருகிறார்கள் என்று அங்கேயும் கேலி உண்டு. ஊர்க்காரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் திரும்பத் திரும்ப ஓட்டுப் போடுகிறார்கள். அங்கே எழுத்துமூலக் கேள்விக்குச் சில வேலைநாளுக்குள் பதில் வந்துவிடும். ஓர் உறுப்பினருக்குக் குறைந்த மக்கள், வேகமான பதில். இந்த இரண்டும்தான் அவர்களுடைய பலம்.

ஊர்ப் பிரச்சினை, நாட்டுப் பிரச்சினை என்று பிரித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1924-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் தீண்டாமைக்கு ஆளானவர்களுக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். அவர் பிறந்த கோழியாளம் இதே செங்கல்பட்டுச் சீமையில், மதுராந்தகம் பக்கம். தெருவும் கிணறும் உள்ளூர் விஷயமென்று அன்றைக்கு ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்திய சட்டசபைகளில் அரசைக் கேள்வி கேட்கும் உரிமை 1892 சட்டத்தில்தான் வந்தது, துணைக் கேள்விக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிச் சிறுகச் சிறுகப் பெற்ற உரிமை இது.

தாம்பரம் வட்டாரத்தில் உள்ளூரென்று நாம் நினைப்பதில் பாதி டெல்லியின் கையில் இருக்கிறது. விமானப்படைத் தளம் பாதுகாப்பு அமைச்சகத்திடம். பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட்டும் அதனிடம். மீனம்பாக்கம் விமான நிலையம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடம். பரனூர் சுங்கச்சாவடி தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம். 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர்களை வளர்த்ததே ரயில்தான், அது ரயில்வே அமைச்சகத்திடம். எனவே ஸ்ரீபெரும்புதூர், தென்சென்னை எம்.பி.க்களின் கேள்வியும் நமக்கு வேண்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விதான் பட்டியலில் ஏறும். அதில் சிலதான் அவையில் எடுத்துக்கொள்ளப்படும். எழுத்துமூலப் பதிலுக்கோ 230 கேள்வி. ஊர் விவரத்தைக் கறந்து எடுக்க ஏற்ற இடம் இந்த 230 தான். அதில் பேச்சுத்திறமைக்கு வேலையில்லை, சரியாக எழுதத் தெரிந்தால் போதும்.

இரண்டு அவையிலும் கேள்வி கேட்பது எவ்வளவு தேவை என்பதைக் கிளாம்பாக்கத்தில் பார்த்தோம். கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு அங்கே போயின. ரயில் பாதையோ ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்க, முனையம் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. 2025-லும் நிலையத்துக்கும் ஆகாய நடைபாதைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ விடியற்காலை வந்து இறங்கும் ஒரு அம்மா, பையும் பேரனுமாக, ஊரப்பாக்கத்துக்கோ வண்டலூருக்கோ போய் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் ஆட்டோக்காரர் சொன்ன தொகை. முனையத்தைக் கட்டியது சி.எம்.டி.ஏ., பேருந்து ஓட்டுவது போக்குவரத்துத் துறை, நிலையம் கட்டுவது ரயில்வே. முனையத்துக்கு அடிக்கல் நாட்டிய 2019-லேயே, ரயில் நிலையம் எந்தத் தேதியில் முடியும், முடியாமல் முனையத்தைத் திறப்பீர்களா என்று கோட்டையிலும் டெல்லியிலும் ஒரே வாரத்தில் ஒரே கேள்வி விழுந்து, இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இடைவெளி அன்றைக்கே வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

கேள்வி கேட்க அவை கூட வேண்டும். ஆண்டுக்கு 100 நாள் பேரவை நடத்துவோம் என்பது 2021-இல் தி.மு.க. தேர்தல் அறிக்கையில் கொடுத்த வாக்கு. 2024-இல் 20 நாள்கூட நடக்கவில்லை. 2022 ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கியது நல்ல காரியம், அதை மனமாரப் பாராட்டுகிறேன். அதே சமயம், அவை நாள்களே போதாவிட்டால் 234 தொகுதிக்கு எத்தனை கேள்வி தேறும்? முடிச்சூர் போன்ற ஒரு இடத்துக்குப் பதில் சொல்ல 2021-இல் அமைந்த ஆட்சியில் நீர்வளம், நெடுஞ்சாலை, நகராட்சி நிர்வாகம், ஊரக வளர்ச்சி என நான்கு துறை அமைச்சர்கள் எழ வேண்டியிருந்திருக்கும். பேரவையின் மனுக்கள் குழு மாவட்டந்தோறும் பொதுமக்களிடம் மனு வாங்குகிறது. அதன் அறிவிப்பில் ஒரு நிபந்தனை இருக்கும்: மனு ஒரே ஒரு பிரச்சினையைப் பற்றியதாக, ஒரே ஒரு துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். தென்புறநகரில் ஒரே துறையோடு முடிகிற பிரச்சினை எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. நான்கு துறை சேர்ந்து ஒரே பதில் தரும் வழியைப் பேரவை விதிகளில் கொண்டுவர வேண்டும். ஐந்து நகராட்சியையும் ஐந்து பேரூராட்சியையும் இணைத்து 2021-இல் தாம்பரத்தை மாநகராட்சியாக்க முடிந்த அரசுக்கு இது பெரிய காரியமல்ல.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமைச்சர் அவையில் “செய்து தரப்படும்” என்று சொன்னால் அது உறுதிமொழி. அது நிறைவேறியதா என்று துரத்துவதற்காகவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பல கட்சி உறுப்பினர்களும் அதில் உண்டு. மாவட்டங்களுக்கு நேரில் போய் ஆட்சியர் அலுவலகத்தில் அதிகாரிகளை உட்கார வைத்துக் கேட்கிற குழு. செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அது அடுத்த முறை வரும்போது தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் தொகுதிகளுக்கு இதுவரை தந்த உறுதிமொழிகளின் பட்டியலை நலச் சங்கங்கள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலினே பம்மலில் வந்து உட்கார்ந்து நடத்திய பகுதி சபைகள் இருக்கின்றனவே, அந்தப் பட்டியலை அங்கே வார்டு வாரியாக வாசிக்கலாம். நிறைவேறாத வரிக்குப் பக்கத்தில் துறையின் பெயரையும் தேதியையும் எழுதி, அதையே அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வியாக எம்.எல்.ஏ. கையில் கொடுக்கலாம்.