செஞ்சியின் தீர்க்கரேகை 32 பிட்டில் அடங்குமா?

செஞ்சிக் கோட்டை ஏறத்தாழ வடக்கே 12.25, கிழக்கே 79.4 பாகையில் இருக்கிறது. 12.25 இரும எண்ணில் 1100.01 என்று மிச்சமின்றி முடிந்துவிடும். 79.4 முடியாது, நீண்டுகொண்டே போகும். கணினி எங்கேனும் வெட்டியாக வேண்டும்.

1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரப்படி, 32 பிட் தசம எண்ணுக்கு 24 இரும இலக்கத் துல்லியம்தான். 64-க்கு மேல் 128 வரையான மதிப்புகளில், அடுத்தடுத்த இரு எண்களின் இடைவெளி 0.0000076 பாகை. செஞ்சி நிலத்தில் அது சுமார் 83 சென்டிமீட்டர்! கோட்டையின் ராஜகிரிக் குன்றுப் படியில் ஓரடி கிழக்கே நகர்ந்தாலும் எண் மாறாமல் இருக்கலாம். 64 பிட்டில் அந்த இடைவெளி மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பைதான் நிரல்மொழியில் தசம எண் வழக்கமாக 64 பிட். அதைச் சின்னஞ்சிறு சில்லுகளுக்குக் கொண்டுவந்த மைக்ரோபைதான், இஎஸ்பி32 சில்லில் 32 பிட்டைத் தேர்ந்தது. ஏன்? அந்தச் சில்லின் தசமக் கணக்கு வன்பொருள் 32 பிட்டுக்கானது. 64 பிட் கணக்கை மென்பொருளே செய்ய வேண்டும், வேகம் குறையும். வெப்பமானிக்கு 32 தாராளம். ஆனாலும் இயல்பிருப்பாக 64-ஐ வைப்பதே சரி என்பேன்: வேகக்குறைவு உடனே கண்ணில் படும், துல்லியக்குறைவு படாது.

32 பிட்தான் கிடைக்கிறது என்றால், பாகையைக் கோடியால் பெருக்கி முழு எண்ணாக வைக்கலாம். 79,40,00,000 தாராளமாக அடங்கும். பிசகு ஒரு சென்டிமீட்டர் அளவுதான்.