காலமானார் – 'பாஸ் அவே'

மாணவர்களே, பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தல்களை நீங்கள் வாசித்திருப்பீர்கள். "மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் பருத்தித்துறையை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார்" என்பது போன்றே அவை அமையும். (1990 இல் போரினால் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்குத் துறைமுகப் பகுதி 2017 யூலையிலேயே மீளக் கிடைத்தது. இடையில் காலமானவர்களுக்கு வதிவிடம் வேறு ஊராகவே இருந்தது.) "செத்தார்" என்று எவரும் அறிவித்தல் கொடுப்பதில்லை.

ஆங்கிலத்தில் "காலமானார்" என்பதன் இடத்தில் வருவது 'பாஸ்ட் அவே'. 'பாஸ்' என்பது கடத்தல், 'அவே' என்பது அப்பால். இரண்டும் சேர்ந்தால் இறத்தல். தமிழ் இலக்கணத்தில் தகுதி வழக்கின்கீழ் நீங்கள் கற்கும் மங்கலம் இதுதான். செத்தாரைத் துஞ்சினார் என்பது அதற்கு உதாரணம். 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' என்ற சோழன் குளமுற்றத்தில் உறங்கியவன் அல்லன், இறந்தவன்.

இனிப் பயன்பாட்டைப் பார்ப்போம். "ஹேர் கிரான்ட்பாதர் பாஸ்ட் அவே இன் 2005" என்றால், அவளுடைய தாத்தா 2005 இல் காலமானார் என்பது பொருள். இது செயப்படுபொருள் ஏற்காத வினை. ஆகவே 'வாஸ் பாஸ்ட் அவே' என்று எழுதுவது பிழை. பல விடைத்தாள்களில் காணப்படும் பிழையும் இதுவே. இத்தொடர் பொதுவாக மனிதருக்கே உரியது. வலையில் அகப்பட்ட மீன் இறந்தால் 'டைட்' என்றே எழுதுங்கள். 'பாஸ் அவுட்' என்பது மயங்கி விழுதல். இரங்கல் கடிதத்தில் ஒரு சொல் மாறினால் இறந்தவர் மயங்கியவராகிவிடுவார்!

மிகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 'பாஸ் அவே' நோயாலோ முதுமையாலோ நேர்ந்த இறப்பைச் சொல்லவே பெரிதும் பொருந்தும். ஷெல் வீச்சில் கொல்லப்பட்டவரை 'பாஸ்ட் அவே' என்று மொழிபெயர்த்தால், இலக்கணப் பிழை எதுவும் இராது. ஆனால் கொன்ற செயலே வாக்கியத்திலிருந்து மறைந்துவிடும். கொல்லப்பட்டார் என்று தமிழில் இருந்தால் 'வாஸ் கில்ட்' என்றே எழுத வேண்டும். இங்கு மங்கலம் பார்க்கக் கூடாது.

பயிற்சி: முதுமையால் காலமான பாட்டி, புயலில் இறந்த பசு, குண்டுவீச்சில் கொல்லப்பட்ட கடற்றொழிலாளி ஆகிய மூவகை இறப்புகளையும் தனித்தனி ஆங்கில வாக்கியங்களில் எழுதுக.