110 பவுண்டு காற்றை எந்தக் கேஜ் சரியாகச் சொல்லும்?

டிசம்பரில் சிவகாசியிலிருந்து காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு டெல்லிக்குக் கிளம்புகிறது ஒரு லாரி. 30 டிகிரி பகலில், டயர் ஆறியிருக்கும்போது 110 பிஎஸ்ஐ காற்று பிடித்தாயிற்று. வழியில் துளிக் காற்றும் கசியவில்லை. ஆனாலும் டெல்லியின் 8 டிகிரி விடியற்காலையில் அளந்தால் 101தான் காட்டும். கேஜ் சொல்வது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ளதை மட்டும். அதோடு வளிமண்டலத்தின் 14.7ஐக் கூட்டி, கெல்வின் வெப்பநிலை விகிதத்தில் குறைத்து, திரும்ப 14.7ஐக் கழித்தால் இந்த 101 வந்துவிடும்.

ஓட்டத்தில் இது தலைகீழ். காலை 25 டிகிரியில் 110 இருந்த டயர், முழு லோடோடு சாத்தூர், கோவில்பட்டி தாண்டி ஓடி, உள்ளே காற்று 65 டிகிரிக்குச் சூடேறினால் 127 காட்டும். இதைப் பார்த்துப் பதறிக் காற்றை இறக்கி 110க்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. டயர் ஆறியதும் அது 95 ஆகிவிடும். காற்று குறைந்த டயர் அதிகம் நெளியும். நெளிய நெளியச் சூடேறும். ஆகவே அளப்பது எப்போதும் புறப்படும் முன்புதான்.

பட்டாசு ஏற்றும் வண்டிக்கு இது வெறும் டயர்ச் செலவு விஷயமில்லை. பின்பக்கம் இரண்டிரண்டாக இருக்கும் டயர்களில் உள் டயர் காற்றிறங்கினால் அதன் பாரமும் வெளி டயர் தலையில் விழும். பக்கச்சுவர்கள் ஒன்றோடொன்று உரசிச் சூடாகி ரப்பரே தீப்பிடிக்கலாம். மேலே இருப்பதோ வெடிபொருள் விதிகளின்படி தனி வகுப்பாக வைக்கப்பட்ட சரக்கு. இதற்கு நம் ஊரில் நடக்கும் பரிசோதனை, இரும்பு ராடால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்பது. முழுக்கக் காற்றுப் போன டயரை அது காட்டிக்கொடுக்கும். 85க்கும் 110க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் காதும் சொல்லாது. லாரி டயர் தொழிலிலோ, இருக்க வேண்டிய காற்றில் 20 சதவீதம் குறைந்து ஓடிய டயரைக் காற்றில்லாமல் ஓடியதாகவே கணக்கில் வைக்கிறார்கள்.

சரி, எந்தக் கேஜ்? முள் கேஜின் இதயம், 1849இல் பிரான்சின் யூஜின் போர்டோன் காப்புரிமை பெற்ற வளைந்த தட்டைக் குழாய். விருதுநகர் பங்குனிப் பொங்கல் கடைகளில் விற்கும் சுருள் ஊதல் ஊதினால் விரிவதுபோல, காற்று புகுந்ததும் இக்குழாய் மயிரிழை நிமிரும். அந்த அசைவைச் சிறு பற்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்புகிறது.

இங்கேதான் வாங்குகிறவர் ஏமாறும் இடம். இத்தகைய கேஜின் பிழையைப் பெரும்பாலும் முள் நிற்கும் எண்ணில் சதவீதமாகச் சொல்வதில்லை; டயலின் கடைசி எண்ணில் சொல்வார்கள். 3 சதவீதப் பிழை என்றால், 300 வரை போகும் டயலில் எங்கு அளந்தாலும் 9 பிஎஸ்ஐ முன்பின் ஆகலாம். 160 வரை உள்ளதில் அது ஐந்துக்கும் குறைவு. அதற்காக 120 வரை போகிற டயலும் உதவாது: சூடான டயர் அதைத் தாண்டிவிடும், குழாய்க்கும் கேடு. பைக், கார்களுக்கான 60 பிஎஸ்ஐ கேஜை லாரி வால்வில் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். லாரிக்கு 160இலிருந்து 200 வரையுள்ள டயல்தான் என் தேர்வு. முள் பாதியைக் கடந்து, கடைசிக் கால்பகுதியை எட்டாமல் நின்றால் நல்லது.

எவ்வளவு பிழை தகும்? சர்வதேச சட்டமுறை அளவியல் அமைப்பின் பரிந்துரை, 4 முதல் 10 பார் வரை 0.16 பார் என்கிறது. நம் கணக்கில் சுமார் 2.3 பிஎஸ்ஐ. டிஜிட்டல் கேஜ் 110.4 என்று புள்ளி வைத்துக் காட்டுவதை நம்பி மயங்கக் கூடாது. திரையில் தசமம் போடுவது சுலபம், உள்ளிருக்கும் உணரி அத்தனை நுட்பமாக இருப்பதுதான் கஷ்டம். பென்சில் போன்ற கேஜ் மலிவு, பழுதும் குறைவு. ஆனால் வில்லின் உராய்வால் ஒரே டயரை இரண்டு முறை அளந்தால் இரண்டு எண் வரலாம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மூக்கு. உள் டயரின் வால்வை எட்ட, முன்னும் பின்னும் திரும்பிய இரட்டை வாயுள்ள நீளத் தண்டு தேவை. எட்டாத கேஜ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கிளீனர் உள் டயரை விட்டுவிட்டு வெளி டயரை மட்டும் அளப்பார்.

முள் கேஜ் கீழே விழுந்தால், டயரில் பொருத்தாமலே பாருங்கள். முள் பூஜ்ஜியத்தில் நிற்கவில்லையென்றால் குழாயோ பல்லோ கோணிவிட்டது. பூஜ்ஜியத்தில் நின்றாலும் 110இல் சரியாகச் சொல்கிறது என்பதற்கு அது சாட்சியில்லை. பல வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு நல்ல கேஜை வாங்கி, ஆண்டுக்கொரு முறை என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதை வண்டியில் ஏற்றாமல் ஷெட்டிலேயே வைத்து, ஓட்டுநர்களின் கேஜ்களை ஒரே டயரில் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எது எத்தனை கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்பதைப் பெயின்டால் அதன் முதுகிலேயே எழுதிவிடலாம்.