பாட்டியின் சுண்ணாம்பும் கிள்ளான் கடலும்

அம்மாவுக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் பிரிக்பீல்ட்ஸில் வாங்கினால்தான் திருப்தி. போன மாதம் ஒரு சனிக்கிழமை கிள்ளானில் கொமுட்டர் ஏறியபோது மகளும் கூட வந்தாள். மனிதன் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது என்று ஏதோ காணொளியில் பார்த்தாளாம். "கடலுக்கு மூக்கா இருக்கு? எப்படிப்பா உறிஞ்சும்?" என்று கேட்டாள். கேஎல் சென்ட்ரல் வரும்வரை பதில் சொல்லிப் பார்த்தேன், அவளுக்குப் புரியவில்லை. கையில் சுண்ணாம்பு வந்ததும்தான் வழி தோன்றியது.

வீட்டில் கொஞ்சம் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து இரவெல்லாம் தெளிய வைத்தோம். காலையில் மேலே நின்ற தெளிந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் கால்வாசி இறுத்தோம். இனிப்பில்லாத வெறும் சோடாவைக் கொஞ்சமாக விட்டாள். பால் போலக் கலங்கியது. சோடாவில் இருக்கும் கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிவிட்டது. சிப்பி ஓடும் பவளமும் இதே பொருள்தான். "இன்னும் ஊத்து" என்றேன். ஊற்ற ஊற்றக் கலங்கல் மறைந்து தண்ணீர் மறுபடி தெளிந்தது. அளவு மீறிய வாயு, தான் உண்டாக்கிய ஓட்டையே கரைத்துவிட்டது. (செய்து பார்க்கிறவர்கள் அதைக் குடிக்கவோ கண்ணில் பட விடவோ வேண்டாம். பிள்ளைகள் தனியாகச் செய்யவும் வேண்டாம்.)

கடலில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான், மிக மெதுவாக. காற்றில் வாயு கூடினால் அலை புரளும் மேல்நீரில் கொஞ்சம் கரைந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. அந்த அமிலம் நீரில் ஏற்கெனவே இருக்கும் கார்பனேட்டோடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறுகிறது. வாயு இப்படி உருமாறிவிடுவதால் அடுத்ததற்கு இடம் கிடைக்கிறது. காற்றில் உள்ளதைப்போல் சுமார் 50 மடங்கு கார்பனைக் கடல் தாங்கி நிற்பதற்கு இதுவே காரணம். குளிர்ந்த நீர்தான் அதிகம் உறிஞ்சும். வெயிலில் வைத்த சோடா சீக்கிரம் சப்பென்று ஆகிவிடுமே, அதுபோல நம்முடைய வெதுவெதுப்பான கடலில் வாயு அவ்வளவு தங்காது. வட அட்லாண்டிக்கும் தென்துருவத்தைச் சுற்றிய கடலும்தான் பெரிய வேலைக்காரர்கள்.

ஆனால் இதில் செலவாகும் கார்பனேட் சும்மா கிடப்பதல்ல. சிப்பியும் பவளமும் ஓடு கட்டும் செங்கல் அது. ஹவாயின் மௌனா லோவாவில் 1958-இல் சார்ல்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த கடல்மேற்பரப்பின் பிஎச் அளவு இப்போது சுமார் 8.1. சின்ன வித்தியாசம்போலத் தோன்றும். அந்த அளவுகோலில் அது அமிலத்தன்மை ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியதற்குச் சமம். கடல் இன்னும் அமிலமாகிவிடவில்லை, காரத்தன்மைதான் குறைகிறது. குவளையில் பார்த்ததுபோல் ஓடுகள் நாளைக்கே கரையப் போவதில்லை. ஓடு கட்டுவது கடினமாகிறது, முதலில் அவதிப்படுவது குஞ்சுகள்.

அமெரிக்காவின் ஒரெகன் கரையில் 2007 வாக்கில் ஒரு சிப்பிக் குஞ்சுப் பண்ணையில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கிருமிதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். ஆழத்திலிருந்து மேலெழுந்த, கரியமில வாயு மிகுந்த குளிர்நீர்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. தொட்டி நீரில் சோடியம் கார்பனேட்டைக் கலந்து பண்ணையைக் காப்பாற்றினார்கள். தொட்டிக்குக் கலக்கலாம், கடலுக்கு?

நம் கோலசிலாங்கூர்ப் பக்கத்துக் கெராங் பண்ணைகளும் கடந்த ஆண்டுகளில் மோசமாக அடிவாங்கின. அந்தப் பழியை இந்த வாயுவின் மேல் மட்டும் போட நான் தயாராக இல்லை. ஆற்றில் வந்து சேரும் கழிவும் அழுக்கும் அங்கே பெரிய காரணம். ஏற்கெனவே நலிந்த உயிருக்கு இது இன்னொரு சுமை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்துல கிளிஞ்சலைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுப்பாங்க" என்றார். மகள் குவளையைப் பார்த்தாள், வெற்றிலையைப் பார்த்தாள். "அப்போ பாட்டி, நீங்க கடலைத்தான் மெல்றீங்களா?"

மறுநாள் கடையில் குவே தியாவ் வந்தபோது தட்டில் கெராங்கை எண்ணினாள். நான்கு இருந்தன.