பழைய ஜீப்பில் நான்கு சக்கர இயக்கக் கோளாறுகள்

மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அவ்வழியில் வந்த பழைய ஜீப்புகளில் முன், பின் அச்சுகளுக்கு இடையே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டும். காரைக்குடி வட்டாரக் கண்மாய்ச் சேற்றில் சக்கரம் வழுக்கி அதை ஈடுகட்டிவிடும். தார்ச்சாலையில் வழுக்காது; முறுக்கம் ஏறி லீவர் இறுகிவிடும். பலர் இதைப் பழுது என்றே எண்ணுகின்றனர். லீவரைச் சுத்தியலால் தட்டுவதுதான் உண்மையான பழுதை உண்டாக்கும். ஸ்டியரிங்கை நேராக்கிச் சில மீட்டர் பின்னால் ஓட்டினால் பெரும்பாலும் விடுபடும். நான்கு டயர்களும் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் இதே தொல்லை வரும்.

லீவர் விழுந்தும் முன் சக்கரம் இழுக்கவில்லையா? எஞ்சினை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் தாங்கி கொடுக்க வேண்டும். நான்கு சக்கர நிலையில் அச்சக்கரம் கையால் சுழலக் கூடாது. சுழன்றால் முன் புரோப்பெல்லர் ஷாஃப்டைக் கவனிக்க வேண்டும். அதுவும் சேர்ந்து சுழன்றால் குறை ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம். பல மாதம் தொடாத லீவர் இணைப்பு துருப்பிடித்து, பல் முழுதாகச் சேராமல் இருக்கலாம். ஷாஃப்ட் அசையாவிட்டால் கோளாறு முன் அச்சில். கையால் பூட்டும் ஹப் உள்ள வண்டியில் முதலில் இரண்டு ஹப்பையும் பார்ப்பது நல்லது: ஒன்று பூட்டாமல் விட்டாலும் மற்றதும் இழுக்காது. ஹப் சரியென்றால் ஆக்சில் ஷாஃப்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.