முதல் ராத்திரி குழந்தை ஏன் தூங்குவதில்லை?

ஊட்டியில் படகுச் சவாரி, பொம்மை ரயில் என்று பகல் முழுக்கத் துள்ளிய குழந்தை, நள்ளிரவில் எழுந்து ‘வீட்டுக்குப் போலாம்’ என்று வீறிடும். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுவார். உங்களுக்குக் கோபம் தலைக்கேறும்.

அடிக்காதீர்கள், அது அடம் இல்லை. புது இடத்தில் முதல் இரவு, மூளையின் ஒரு பாதி லேசாகவே உறங்கிக் காவல் காக்கிறது என்று 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. அது பெரியவர்களிடம் நடந்த ஆய்வு. நமக்கே அப்படியென்றால் குழந்தைக்குக் கேட்கவா வேண்டும்?

லிஃப்ட், ரிசப்ஷன் பக்கம் இல்லாத அறையாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் போர்த்தும் போர்வையையே கொண்டுபோங்கள். விளக்கை அணைக்கும் முன் பாத்ரூம், கதவு, அம்மா படுக்கும் இடம் எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். கட்டில் உயரமாக இருந்தால் மெத்தையைத் தரையில் போடச் சொல்லுங்கள்.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். குளிரில் நடுங்கியும் குழந்தை விழிக்கும். ஸ்வெட்டர், சாக்ஸ் போடுங்கள். அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

முடிந்தால் நாளுக்கொரு ஊர் என்று ஓடாமல், ஒரே அறையில் இரண்டு ராத்திரி தங்குங்கள். மறுநாள் அந்த அறை குழந்தைக்குப் பழகியிருக்கும். அன்று மதியம் எங்கும் போகாமல் எல்லோரும் ஒரு குட்டித் தூக்கம் போடுங்கள். தொட்டபெட்டா எங்கும் ஓடிவிடாது!